ராத்திரியில் மட்டும் பூசுகிற க்ரீம்

இடாலியா கான்டூ விற்கிற க்ரீமுக்குப் பெயர் கிடையாது. வெள்ளை டப்பா, வெள்ளை மூடி, மேலே ஒரு எழுத்துகூட இருக்காது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஃபார் ஊர் மாதா கோயிலுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் முகத்தில் அதுதான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் இடாலியா வாய் கூசாமல், "அவகாடோ, கற்றாழை, பன்னீர்" என்பாள். "எங்கம்மா கைப்பக்குவம்" என்றும் ஒரு போடு போடுவாள். அவளுடைய அம்மா முகத்துக்குச் சோப்பைத் தவிர வேறு எதையும் போட்டு யாரும் பார்த்ததில்லை.

பூசுவதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. ராத்திரியில் மட்டும்தான் பூச வேண்டும். ஒரு பட்டாணி அளவு போதும். மறுநாள் வெயிலில் நிற்கக் கூடாது. முதல் சில வாரங்கள் மூக்கோரத்திலும் தாடையிலும் தோல் உரியும், அதற்காகப் பயந்து நிறுத்தக் கூடாது. "உள்ள இருக்கிற அழுக்குத்தான் வெளிய போகுது. போகட்டும், விடு" என்பாள் இடாலியா. அழுக்கு போய் முடிந்தபிறகு பரு அடங்கும், மங்கு மறையும், முகம் பளிச்சென்று ஆகிவிடும். அவகாடோ தின்று வளர்ந்த ஊர் அது. அவகாடோவுக்கு இவ்வளவு சாமர்த்தியம் எப்போது வந்தது என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்லது நடக்கும்போது யார் குடைந்து கேட்கிறார்கள்.

க்ரீமுக்கு முன்னால் அவள் முடி வளர மாத்திரை விற்றாள். மீன் ஈரல் எண்ணெயிலிருந்து எடுத்த வைட்டமின் ஏ மாத்திரை. பக்கத்துத் தெரு செலோ, சீக்கிரம் வளரட்டும் என்று காலையிலும் மாலையிலும் கைநிறையப் போட்டுக்கொண்டாள். இருந்த முடியும் சீப்போடு வந்துவிட்டது. "பழைய முடி போனாத்தானே புதுசுக்கு இடம்" என்று இடாலியா தேற்றினாள். செலோ பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினாள், அடுத்த வருஷம் முடி மறுபடி முளைத்தது. முளைத்ததும் கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு இடாலியாவுக்கு நன்றி சொல்ல வந்தாள். அப்படிப்பட்ட கைராசி அவளுக்கு.

மகள் யாரெலிக்கு க்ரீமின் ரகசியம் தெரியுமா என்றால், தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமைதோறும் அம்மா எல்லைப் பாலத்தைக் கடந்து மெக்சிகோ பக்கம் ப்ரோக்ரெசோவுக்கு நடந்து போவாள். அங்கே மருந்துக்கடைகள் வரிசையாக இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமலே பாதி மருந்துகள் கிடைக்கும். அம்மா பையோடு திரும்பி வந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கதவு திறக்கும்போது டப்பாக்கள் நிரம்பி இருக்கும். பள்ளிக்கூட வயதில் யாரெலிக்கு முகமெல்லாம் பரு. இந்தக் க்ரீம்தான் அதைத் தீர்த்தது. ஞாயிற்றுச் சந்தையில் அம்மா அவளைக் கடைக்கு முன்னால் நிறுத்தி, தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவாள். தர்பூசணியைக் கீறிக் காட்டுகிற மாதிரிதான்.

அந்தச் சந்தையை விட்டு வெளியே போக வேண்டும் என்றுதான் யாரெலி அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே ஒருநாள் ஆசிரியை வைட்டமின் ஏ மருந்துகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். அந்த மருந்து அடித்தோலைச் சும்மா இருக்க விடாது, புதுத்தோலை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிடும். அதன்மேல் முடி எடுப்பதற்காக வேக்ஸ் என்கிற சூடான மெழுகைப் பூசி இழுத்தால் முடியோடு தோலும் வந்துவிடும். ஆகவே வேக்ஸுக்கு முன்னால் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பிறகு அதைப் பூசுகிற முறையைச் சொன்னார். ராத்திரியில் மட்டும். பட்டாணி அளவு. வெயில் ஆகாது. முதலில் உரியும். யாரெலிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த அம்மாள் எப்போது எங்கள் அடுக்களைக்கு வந்தாள் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. இடாலியாவிடம் போய் க்ரீமில் என்ன கலக்கிறீர்கள் என்று கேட்பதும், நீங்கள் ஊரை ஏமாற்றுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் ஒன்றுதான். அந்தத் தைரியம் யாரெலிக்கு இல்லை. தேர்வு எழுதினாள், அரசாங்க உரிமம் வாங்கினாள், பக்கத்து ஊரான மெக்காலனில் பெரிய கடைத்தெருவை ஒட்டிய அழகு நிலையத்தில் வேலை கிடைத்தது. அவள் பெயர் போட்ட உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவளுடைய அறைச் சுவரில் மாட்டினார்கள். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்தது அதுதான்.

அந்த அறைக்குத்தான் ஒரு வியாழக்கிழமை ஒராலியா பெனாவிதெஸ் வந்தாள். யாரெலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய். யாரெலி அவளை மத்ரினா என்று கூப்பிடுவாள். இடாலியாவும் ஒராலியாவும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வது கொமாத்ரே என்று. பெற்றவளுக்கும் ஞானத்தாய்க்கும் உள்ள அந்த உறவு, கூடப்பிறந்த உறவைவிட ஒரு படி மேல். சனிக்கிழமை ஒராலியாவின் மகளுக்குக் கல்யாணம்.

மேசையில் படுத்துக்கொண்டே ஒராலியா சொன்னாள்: "மேல் உதட்ட மட்டும் சுத்தம் பண்ணி விடு மகளே. மாப்பிள்ளையோட அம்மா மூஞ்சி வழுவழுன்னு வெண்ணெய் மாதிரி இருக்கு. நான் போய் பக்கத்துல மீசையோட நின்னா நல்லாவா இருக்கும்?"

"அதெல்லாம் ஒண்ணும் தெரியல மத்ரினா. வேக்ஸ் போடறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான், உங்ககிட்டயும் கேக்கிறேன். வைட்டமின் ஏ சேர்ந்த க்ரீம் எதாச்சும் பூசுறீங்களா? ரெட்டினால்னு போட்டிருக்கும். இல்ல, பருவுக்கு மாத்திரை எதாச்சும்?"

"பேரன் எடுக்கப்போற வயசுல எனக்கு எதுக்குடி பருவுக்கு மாத்திரை? உங்கம்மா க்ரீம் ஒண்ணுதான். அது தெரிஞ்சதுதானே, அவகாடோ."

யாரெலியின் கை அப்படியே நின்றது. கையுறை போட்டாயிற்று, வேக்ஸ் பதமாக உருகிவிட்டது.

"மத்ரினா, இன்னிக்கு வேக்ஸ் வேணாமே. சின்னக் கத்திரி வச்சு ஒட்ட வெட்டி விடறேன்."

"என் ஒரே மகள் கல்யாணத்துக்குக் கத்திரியா? நாய்க்கு வெட்டற மாதிரி? ஏன், உங்கம்மா க்ரீம்ல என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டாள். யாரெலி அவசரத்தில் ஒரு காரியம் செய்தாள். கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு, ஒரு விரல் முட்டியால் போனைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மத்ரினா இங்க மேசைல படுத்திருக்காங்க. ஸ்பீக்கர்ல இருக்கீங்க. வேக்ஸ் போடப் போறேன். உங்க க்ரீம்ல வைட்டமின் ஏ மருந்து எதாச்சும் கலந்திருக்கா? இருந்தா சொல்லுங்க, போடக் கூடாது."

அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் அடங்கியது, அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"என்ன கேள்விடி இது?" என்றாள் இடாலியா. பிறகு குரலை உயர்த்தினாள். "கொமாத்ரே, கேக்குதா? உங்க ஞானமகள் படிச்சிட்டாளாம், என்னையே விசாரிக்கிறா. அவகாடோ, கற்றாழை, பன்னீர். வேற என்ன இருக்கப் போகுது?"

ஒராலியாவுக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு. "போலீசுக்குப் போயிருக்க வேண்டிய பொண்ணு" என்றாள். "போடு மகளே, நேரமாகுது."

யாரெலி போட்டாள். இடது பக்கம் பூசினாள், துணிப் பட்டையை ஒட்டி அழுத்தினாள், ஒரே இழுப்பாக இழுத்தாள். பட்டையில் முடி இருந்தது. முடியோடு மெல்லிய ஈரமான தோலும் இருந்தது. ஒராலியாவின் உதட்டுக்கு மேலே தோலுரித்த தக்காளி மாதிரி ஒரு துண்டு சிவந்து கசிந்தது. அவள் கத்தவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. யாரெலி குளிர்ந்த துணியை வைத்தாள், களிம்பு போட்டாள், மன்னிப்புக் கேட்டாள். வலது பக்கத்தைத் தொடக் கூட இல்லை. அதனால் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தாய் ஒரு பக்கம் பொருக்கும் மறுபக்கம் மீசையுமாக நின்றாள். எல்லாப் படத்திலும் வாய்க்கு முன்னால் விசிறி.

திங்கட்கிழமை மேலாளர் திருமதி சலினாஸ் கூப்பிட்டார். மணப்பெண்ணே புகார் எழுதியிருந்தாள், படத்தோடு.

"நீ கேட்டியா?" என்றார் சலினாஸ்.

"கேட்டேன். எங்கம்மா விக்கிற க்ரீம் பூசுறதா சொன்னாங்க. அதுல மருந்து இருக்கான்னு அம்மாகிட்ட போன்லயும் கேட்டேன். இல்லன்னாங்க."

சலினாஸ் கெட்டவர் அல்ல, நிலையத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர். "இங்க பாரு யாரெலி. இது ரெண்டுல ஒண்ணு. அந்தக் க்ரீம்ல மருந்து இருந்திருக்கணும், இல்ல நீ வேக்ஸ அதிகமா சூடாக்கி தோல எடுத்திருக்கணும். முதல் விஷயம்னா நீ கேட்டிருக்க, அவங்க இல்லன்னு சொல்லியிருக்காங்க, உன்மேல தப்பே இல்ல, லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசுக்கு நானே மேல எழுதி அனுப்புவேன். ரெண்டாவதுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. உங்கம்மாவ வரச் சொல்லு. என்ன கலந்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லட்டும்."

யாரெலி வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றபடி யாரெலி சொன்னாள்: "என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நான் கேக்க மாட்டேன். அவங்ககிட்ட வந்து உள்ளத சொல்லுங்க, போதும். இல்லன்னா வேலையும் போயிடும், லைசென்சும் போயிடும்."

இடாலியா ஒரு தலையணை உறையை நீவி மடித்து வைத்தாள். "வரேன்" என்றாள். "நான் உன்னப் பெத்தவ. வராம இருப்பனா?"

அன்று யாரெலி நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுநாளுக்காக அம்மா பூசைக்குப் போட்டுப்போகிற நீல உடையை எடுத்து இஸ்திரி போட்டபோது, அவளுக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. எவ்வளவு பெரிய காரியம் செய்யப் போகிறாள், சந்தைக் கடையையே விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று கூட இருந்தது. பாவம், நினைப்புக்கென்ன, அது பாட்டுக்கு ஓடும்.

சலினாஸ் ஒராலியாவையும் வரச் சொல்லியிருந்தார். மறுநாள் இடாலியா அவருடைய அறைக்குள் நுழைந்தாள், நாற்காலியில் ஒராலியா மூக்குக்குக் கீழே பஞ்சு ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கதவருகே ஒரு நொடி நின்றாள். பிறகு போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க விக்கிற க்ரீம்ல மருந்து ஏதாவது இருக்கா?" என்றார் சலினாஸ்.

"மாதா சத்தியமா, அவகாடோவும் கற்றாழையும்தான்." இடாலியாவுக்குக் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல முடியாது, நிஜமாகவே கலங்கியது. "என் கொமாத்ரே மூஞ்சிக்கு நான் மருந்து கொடுப்பனா? ஊர்ல எத்தன பேரு பூசுறாங்க, ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிருக்கா? நான் பெத்த பொண்ணுதான், சொல்லக் கூடாது. இவளுக்குச் சின்னதுலேர்ந்தே கை பாரம். பொம்மைக்குத் தல சீவ விட்டா மொட்டையாக்கிடுவா."

ஒராலியா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சலினாஸ் யாரெலியைப் பார்த்தார். யாரெலி அம்மாவைப் பார்த்தாள். இடாலியா ஒராலியாவின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. யாரெலிக்கு வாய் வரைக்கும் வந்தது. மருந்துக்கடை, பாலம், சாத்திய கதவு, பட்டாணி அளவு, எல்லாம் வந்தது. ஆனால் கண்ணால் பார்த்தது என்று ஒன்றைக் கூட அவளால் சொல்ல முடியாது. பார்த்துவிடக் கூடாது என்றுதானே இத்தனை காலம் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அப்ப சரி" என்றார் சலினாஸ். யாரெலியின் அறைக்குப் போய்ச் சுவரிலிருந்து உரிமத்தை அவரே கழற்றிக் கொடுத்தார். வேக்ஸ் காயம் என்று மேலே எழுதிப் போட்டார்கள், விசாரணை முடியும்வரை யாரெலி யார் முகத்திலும் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. அம்மாவோடு அவள் பேசுவதை நிறுத்தினாள். இடாலியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள், "சந்தைக்கு வாயேன், சும்மாதானே இருக்க" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

பொருக்கு உதிர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஒராலியா வீட்டுக்கு வந்தாள். கையில் இனிப்பு ரொட்டி. உதட்டுக்கு மேலே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். இடாலியா காப்பி கொடுத்தாள், கல்யாணக் கதையெல்லாம் பேசினார்கள். விசிறியைப் பற்றி ஒராலியாவே கேலி செய்துகொண்டாள். பிறகு அவள் யாரெலியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"நான் மன்னிச்சிட்டேன் மகளே. கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான். மனசுல வச்சுக்காத."

இடாலியா அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "இது என் கணக்கு, கொமாத்ரே."

"மத்ரினா, அத எடுத்துக்காதீங்க" என்றாள் யாரெலி. அந்த வீட்டில் பல நாளாக அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அதுல மருந்து இருக்கு. அவகாடோவெல்லாம் இல்ல. அம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் வாங்கிட்டு வந்து கலக்குறாங்க. அதாலதான் உங்க தோல் வந்துச்சு. என் கையால இல்ல."

ஒராலியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

"வேல போன வருத்தம், எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா பெத்தவ மேல பழி போடாத. அவ உனக்காக எவ்வளவு அழுதான்னு எனக்குத்தான் தெரியும்." அப்புறம் எழுந்து, கட்டைவிரலால் யாரெலியின் நெற்றியில் சிலுவை போட்டு, இந்தப் பிள்ளையின் மனக்கசப்பை நீக்கிவிடும் ஆண்டவரே என்று வாய்விட்டு ஜெபித்தாள். யாரெலி மரம் மாதிரி நின்றாள். "ஆமென்" என்றாள் இடாலியா.

டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒராலியா வாசலுக்குப் போனாள். இடாலியா கூடவே போய் அவள் தோளில் கை வைத்தாள்.

"கொமாத்ரே, இப்பவே பூசிடாதீங்க. அந்தப் புதுத்தோல் நல்லா கெட்டிப்படட்டும். இனிமே எங்கயாச்சும் வேக்ஸ் போடறதா இருந்தா, ஒரு வாரம் முன்னாடியே இத நிறுத்திடுங்க. உங்களுக்கு மென்மையான தோல், அதுக்குத்தான் சொல்றேன்."

"பாத்தியா, எவ்வளவு அக்கறை" என்று யாரெலியைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒராலியா காரில் ஏறினாள்.

இடாலியா உள்ளே வந்து காப்பிக் கோப்பைகளை எடுத்தாள். யாரெலி நகராமல் அதே இடத்தில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"எது?"

"முன்னாடியே நிறுத்தணும்னு."

"டியூப்போட வர்ற தாள்ல போட்டிருக்கு. எனக்கு என்ன, ஸ்பானிஷ் படிக்கத் தெரியாதா?"

"அப்ப நான் போன்ல கேட்டேனே."

"ஆள வச்சிக்கிட்டுக் கேட்டே. அவ காதுல விழற மாதிரி, ஸ்பீக்கர்ல போட்டு. நான் என்ன சொல்ல முடியும்?"

"ஆபீஸ்ல?"

"அங்கயும் அவ உக்காந்திருந்தா." இடாலியா குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவினாள். குரலில் சண்டை இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு நாள் கேட்டிருக்கியா? நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கும்போது, ஒரு நாளாச்சும் வந்து தட்டியிருக்கியா?"

யாரெலியின் அப்பா பிரிந்து போனதிலிருந்து அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். தனியாகக் கேட்பதற்கு அவளுக்கு எல்லா நாளும் இருந்தது.